காத்திருப்பதுதான் வேலை: வெப் சர்வர் பதில் சொல்லும் விதம்

பக்கம் வராமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால் "சர்வர் ஸ்லோவா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் மூச்சு வாங்க வாங்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதாக ஒரு சித்திரம் நம் மனதில் இருக்கிறது. அதே நேரத்தில் அந்த சர்வருக்குள் நுழைந்து பிராசஸரின் நிலவரத்தைப் பார்த்தால், பல சமயம் அது கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும். மெமரியில் இடம் இருக்கும், டிஸ்க்கும் அமைதியாக இருக்கும். ஆனாலும் பதில் வராது.

காரணம், வெப் சர்வரின் வேலை நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போகிறது. கோரிக்கையின் கடைசி எழுத்து வந்து சேரக் காத்திருக்கிறது. டேட்டாபேஸ் பதில் தரக் காத்திருக்கிறது. மறுமுனையில் இருக்கும் போன் தன் பங்குக்கு பைட்டுகளை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது, பொறுமை தீர்ந்தால் என்ன சொல்வது என்ற மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டால், சர்வர்கள் ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதும், 502, 504 போன்ற பிழை எண்கள் என்ன சொல்ல வருகின்றன என்பதும் தானாகவே பிடிபடும்.

முதல் காத்திருப்பு சர்வரைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒரு செய்தி போய்ச் சேர 50 மில்லிசெகண்ட், திரும்பி வர இன்னொரு 50. ஆக ஒரு போக்குவரத்துக்கு 100. கேபிள் வளைந்து வளைந்து போவதையும் வழியில் இருக்கும் ரௌட்டர்களையும் இதில் சேர்க்கவில்லை. டிஎன்எஸ் மூலம் பெயரை ஐபி முகவரியாக மாற்றிக்கொண்ட பிறகு, இரண்டு கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்வதற்கான டிசிபி இணைப்பை ஏற்படுத்த ஒரு போக்குவரத்து ஆகிறது. அப்புறம் யாரும் ஒட்டுக்கேட்காமல் இருக்க டிஎல்எஸ் பேச்சு. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதை ஒரே போக்குவரத்தில் முடிக்கிறது. அதற்கு முந்தைய 1.2-க்கு இரண்டு தேவைப்பட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான கோரிக்கை கிளம்புகிறது. கூட்டிப் பார்த்தால் புதிய முறையில் 300 மில்லிசெகண்ட், பழைய முறையில் 400. சர்வர் ஒரு துளி வேலைகூடச் செய்யாத கணக்கு இது. எவ்வளவு விலை உயர்ந்த சர்வரை வாங்கிப் போட்டாலும் இந்த நேரத்தில் ஒரு மில்லிசெகண்டைக்கூடக் குறைக்க முடியாது. படங்களையும் ஸ்கிரிப்ட்களையும் பயனருக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வர்களில் பிரதி எடுத்து வைக்கும் சிடிஎன் சேவைகள் விற்பது அடிப்படையில் இந்தத் தூரக் குறைப்பைத்தான்.

சரி, இணைப்புக் கேட்டு ஒரு பேக்கெட் (நெட்வொர்க்கில் போகும் சின்னத் தகவல் பொட்டலம்) சர்வருக்கு வந்துவிட்டது. அதை முதலில் பார்ப்பது வெப் சர்வர் புரோகிராம் இல்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல். "443-ஆம் போர்ட் என்ற வாசலுக்கு வருகிறவர்கள் எனக்கு" என்று புரோகிராம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கும். அந்த ஏற்பாட்டின்படி டிசிபி கைகுலுக்கலைக் கெர்னலே முழுசாக முடித்து, தயாரான இணைப்பை ஒரு வரிசையில் நிறுத்திவிடுகிறது. புரோகிராம் தனக்கு நேரம் கிடைக்கும்போது அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

இதில் பலரைக் குழப்பும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வெப் சர்வர் புரோகிராம் முழுக்க உறைந்துபோய்க் கிடந்தாலும், வெளியிலிருந்து இணைகிறவருக்கு இணைப்பு கிடைத்துவிடும். கெர்னல்தான் உயிரோடு இருக்கிறதே! போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்புக் கருவிகள் "எல்லாம் நலம்" என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்க, பயனர்கள் எல்லோரும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இணைப்பு கிடைப்பதும் பதில் கிடைப்பதும் வேறு வேறு. சர்வர் நலமா என்று சோதிக்க வேண்டுமென்றால் ஒரு கோரிக்கையை முழுசாக அனுப்பிப் பதிலை வாங்கிப் பார்க்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

அந்த வரிசைக்கும் ஒரு நீளம் உண்டு. லினக்ஸில் அதன் உச்சவரம்பு நெடுங்காலம் 128 ஆகவே இருந்தது, 5.4 பதிப்பில்தான் 4096 ஆக உயர்த்தினார்கள். வரிசை நிரம்பிவிட்டால் லினக்ஸ் வழக்கமாக "இடமில்லை" என்று சொல்வதுகூட இல்லை, புதிதாக வரும் பேக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பியவர் ஒரு வினாடி பொறுத்து மறுபடி அனுப்புவார். அதுவும் விழுந்தால் அடுத்த முறை இரண்டு வினாடி, அதற்கடுத்து நான்கு. பதில் நேர வரைபடத்தில் சரியாக ஒரு வினாடி, மூன்று வினாடி என்ற இடங்களில் திடீர் மேடுகள் தெரிந்தால், அனுபவப்பட்டவர்கள் முதலில் சந்தேகப்படுவது தொலைந்த பேக்கெட்டுகளையும் இந்த வரிசையையும்தான்.

இணைப்பு புரோகிராமின் கைக்கு வந்ததும் அது கோரிக்கையைப் படிக்கத் தொடங்குகிறது. கோரிக்கை என்றால் ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைக்க வேண்டாம். பிரவுசரும் சர்வரும் பேசும் மொழியான எச்டிடிபியில், 1.1 பதிப்பு வரைக்கும் அது மனிதர் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துதான். முதல் வரியில் மூன்று சொற்கள்: என்ன செய்ய வேண்டும், எந்தப் பாதையில், எந்தப் பதிப்பில். "கெட், /செய்திகள், எச்டிடிபி/1.1" என்பது போல. அதன் கீழே வரிக்கு ஒன்றாக ஹெடர்கள்: எந்தத் தளம் வேண்டும், என்ன மொழி பிடிக்கும், எந்த வகைச் சுருக்கம் புரியும், குக்கீ என்ன. கடைசியில் ஒரு வெற்று வரி. ஹெடர்கள் முடிந்தன என்று சர்வருக்குத் தெரிவது அந்த வெற்று வரியால்தான்.

1990-இன் இறுதியில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் முதல் வெப் சர்வரை ஓடவிட்டபோது இதெல்லாம்கூடக் கிடையாது. (அந்தப் பெட்டியின் மேல் "இது சர்வர், அணைக்காதீர்கள்" என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார். சர்வர்களைக் காப்பாற்றும் முறைகளில் எல்லாவற்றுக்கும் மூத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.) 1991-இல் எழுதிவைக்கப்பட்ட முதல் வடிவத்தில் கோரிக்கை ஒரே வரி: கெட் என்ற சொல்லும் ஒரு பாதையும். சர்வர் எச்டிஎம்எல் பக்கத்தைக் கொட்டிவிட்டு இணைப்பை மூடிவிடும். 404 எண் இல்லை, ஹெடர் இல்லை. ஏதாவது தப்பு நடந்தால் அதைச் சொல்வதும் ஒரு எச்டிஎம்எல் பக்கம்தான். இன்றிருக்கும் சிக்கலெல்லாம் அந்த ஒற்றை வரியின் மேல் அடுக்கடுக்காக ஏறியதுதான். அப்படி ஏறியவற்றில் ஹோஸ்ட் ஹெடர் முக்கியமானது. ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். எந்தத் தளம் வேண்டும் என்று அந்த ஹெடர் சொல்லாவிட்டால் சர்வருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் எச்டிடிபி 1.1-இல் ஹோஸ்ட் இல்லாமல் வரும் கோரிக்கைக்கு 400 என்ற பிழை எண்ணைப் பதிலாகச் சொல்லியே தீர வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

வெற்று வரி வரும்வரை சர்வர் காத்திருக்கிறது என்றேன். அது வராமலே போனால்? 2009-இல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவி இந்தப் பொறுமையை வைத்துத்தான் விளையாடியது. நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு ஹெடர் வரியை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். வெற்று வரியை அனுப்பவே அனுப்பாது. "இதோ முடித்துவிடுவார்" என்று சர்வர் நம்பிக்கொண்டே இருக்கும். அதற்குள் அதன் ஆட்கள் அத்தனை பேரும் இப்படிக் காத்திருப்பதிலேயே தீர்ந்துபோவார்கள். பெரிய அளவில் டேட்டா எதுவும் அனுப்பத் தேவையில்லை, சாதாரண வீட்டு இணைப்பில் உட்கார்ந்த ஒருவர் ஒரு தளத்தையே முடக்கிவிடலாம். ஹெடர்கள் இத்தனை வினாடிக்குள் வந்து முடிய வேண்டும் என்று இன்றைய சர்வர்களில் கெடு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 'ஆட்கள்' யார் என்று பார்க்க வேண்டும். சர்வர்களின் வரலாற்றில் பெரிய சண்டையே இதில்தான். ஆரம்ப கால முறை எளிமையானது: ஓர் இணைப்புக்கு ஒரு பிராசஸ், அதாவது சர்வர் புரோகிராமின் தனியாக ஓடும் ஒரு பிரதி. 1995-இல் வந்த அப்பாச்சி பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது. எழுதுவதற்கு எளிது, ஒன்று செத்தால் மற்றவை பிழைக்கும். அலுவலகத்தில் ஒரு விண்ணப்பதாரருக்கு ஒரு குமாஸ்தா என்று ஒதுக்குவதைப் போன்றது இது. வந்தவர் பேனா தேடி, படிவத்தை நிதானமாக நிரப்பி முடிக்கும்வரை அந்தக் குமாஸ்தா எதிரிலேயே நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. நூறு பேர் வந்தால் சமாளிக்கலாம். பத்தாயிரம் பேர் வந்தால் குமாஸ்தாக்கள் நிற்கவே இடம் போதாது.

அந்தப் பத்தாயிரம் நான் சும்மா சொன்ன எண் இல்லை. 1999-இல் டான் கெகல் என்ற புரோகிராமர் "ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளை ஏன் தாங்கக் கூடாது?" என்று கேட்டு, அதற்கான வழிகளை விரிவாகத் தொகுத்தார். அப்போதைய ஹார்டுவேருக்கு அந்த வலு இருந்தது, மென்பொருள் எழுதிய விதம்தான் தடை என்பது அவர் வாதம். சும்மா காத்திருக்கும் இணைப்புக்கு ஒரு முழு பிராசஸோ, அதற்குள் தனியாக ஓடும் ஒரு த்ரெட்டோ கொடுப்பது வீண். அதற்குப் பதிலாக, "இத்தனை இணைப்புகளில் எதில் ஏதாவது வந்திருக்கிறதோ அதை மட்டும் சொல்லு" என்று கெர்னலிடம் கேட்டுவிட்டு, வந்ததை மட்டும் கவனிக்கலாம். லினக்ஸில் ஈபோல் என்ற வசதி 2002 வாக்கில் இதற்காகவே வந்தது. அதே ஆண்டு ஈகோர் சிசோயெவ் எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸ் சர்வர் இந்த யோசனையின் மேல் கட்டப்பட்டது. பிராசஸர் கோர் ஒன்றுக்கு ஒரு பிராசஸ் என்று நாலைந்து பிராசஸ்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு இணைப்பு காத்திருப்பதற்கான விலை சில கிலோபைட் மெமரி, அவ்வளவுதான்.

ஆனால் இதைத் தேவலோகத்து மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த முறையில் எழுதிய புரோகிராமில் எங்காவது ஒரு இடத்தில் கனமான கணக்கொன்றைப் போட்டுவிட்டால், அது முடியும்வரை அந்த பிராசஸை நம்பியிருக்கும் அத்தனை ஆயிரம் இணைப்புகளும் உறைந்துபோகும். இதே முறையில் ஓடும் நோட்.ஜேஎஸ்-இல் சர்வர் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது பட்டிருக்கும் அடி இது. பழைய முறையில் ஒருவர் தாமதித்தால் அவருக்கு மட்டும் நஷ்டம். புதிய முறையில் ஊருக்கே நஷ்டம். காத்திருப்பு மிகுந்த வேலைக்கு ஒன்று, கணக்கு மிகுந்த வேலைக்கு இன்னொன்று என்று பிரித்துக் கொடுப்பதுதான் என் பார்வையில் சரி. பெரிய தளங்களில் முன்னால் எஞ்சின்-எக்ஸ் போன்ற ஒன்றும் பின்னால் தனியாக, பக்கத்தை உருவாக்கும் ஆப் சர்வரும் நிற்பது இந்தப் பிரிவினையால்தான்.

கோரிக்கை முழுசாகப் படித்தாயிற்று, என்ன கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். படம், ஸ்கிரிப்ட் போல அப்படியே கிடக்கும் ஃபைல் என்றால் வேலை சுலபம். பாதையை ஒரு ஃபோல்டரோடு ஒட்டி, ஃபைலைத் திறந்து, அதன் வகையை ஹெடரில் எழுதி அனுப்பினால் முடிந்தது. ஃபைலின் பைட்டுகளைப் புரோகிராமின் மெமரிக்குள் கொண்டுவராமல் கெர்னலே நேராக நெட்வொர்க்குக்குத் தள்ளிவிடும் வசதியும் இருக்கிறது. ஆபத்து இருப்பது பாதையை ஒட்டும் அந்தச் சின்ன வேலையில்தான். பாதையில் இரண்டு புள்ளிகளை வைத்து "ஒரு ஃபோல்டர் மேலே போ" என்று எழுதி, அனுமதித்த எல்லைக்கு வெளியே இருக்கும் ஃபைல்களைக் கறக்கப் பார்ப்பது வெப் காலத்தின் ஆதித் திருட்டுகளில் ஒன்று. அது தெரிந்தும் 2021-இல் அப்பாச்சி 2.4.49 பதிப்பில் இதே ஓட்டை மறுபடி திறந்தது. புள்ளியை அப்படியே எழுதாமல் அதன் குறியீட்டு வடிவத்தில் எழுதினால் சோதனையைத் தாண்டிவிட முடிந்தது. அவசரமாக 2.4.50 வெளியிட்டார்கள், அதுவும் போதவில்லை, சில நாட்களிலேயே 2.4.51 வந்தது. கால் நூற்றாண்டு அனுபவம் உள்ள சர்வருக்கே இந்தக் கதி.

பக்கத்தை அந்த நேரத்தில் உருவாக்க வேண்டுமென்றால் கதை வேறு. 1993-இல் வந்த சிஜிஐ முறையில், சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புரோகிராமைப் புதிதாகத் தொடங்கி, அது எழுதும் பதிலை வாங்கி அனுப்பும். புரோகிராமைத் தொடங்கும் செலவு வேலையின் செலவைவிட அதிகமாகிவிட்டதால், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆப் சர்வர்கள் வந்தன. இன்று கோரிக்கை அங்கே போகிறது, அது டேட்டாபேஸைக் கேட்கிறது, நாலு இடத்தில் வேறு சேவைகளைக் கேட்கிறது, எல்லாம் வந்த பிறகு பதிலைக் கட்டுகிறது. ஆப் சர்வரின் நேரம் போவது பெரும்பாலும் இந்தக் கேட்டுக் காத்திருப்பதில்தான்.

சும்மா இருக்கும் சர்வர் எப்படிப் படுத்துவிடுகிறது என்பதற்கு இங்கே ஒரு கணக்குப் போடலாம். வினாடிக்கு 200 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் முடிய 50 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாக 10 கோரிக்கைகள் உள்ளே இருக்கும்; 200-ஐ 0.05-ஆல் பெருக்கினால் வருவது அதுதான். வரிசைகளுக்கான இந்த விதியை 1961-இல் நிறுவியவர் ஜான் லிட்டில். ஆப் சர்வரில் 50 த்ரெட்கள் இருந்தால் தேவையைப் போல ஐந்து மடங்கு இருப்பதாக நிம்மதியாக இருக்கலாம். திடீரென்று டேட்டாபேஸில் வேகமாகத் தேட உதவும் ஒரு இண்டெக்ஸ் போய், ஒவ்வொரு கேள்விக்கும் 2 வினாடி ஆகிறது. இப்போது உள்ளே இருக்க வேண்டியது 400. இருப்பது 50 த்ரெட்கள்தான்; அவற்றால் வினாடிக்கு 25 கோரிக்கைகளை மட்டுமே முடிக்க முடியும். மீதி 175 ஒவ்வொரு வினாடியும் வரிசையில் சேர்கிறது. ஒரே நிமிடத்தில் வரிசையில் 10,500 பேர். அந்த 50 த்ரெட்களும் டேட்டாபேஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கின்றன, பிராசஸர் வெறிச்சோடிக் கிடக்கிறது. இதைவிட மோசமானது, காத்திருந்து அலுத்தவர்கள் ரிஃப்ரெஷ் பட்டனை அழுத்துவது. பழைய கோரிக்கையைக் கேட்டவர் போய்விட்டார் என்று பல ஆப் சர்வர்களுக்குத் தெரியாது. ஆளில்லாத கோரிக்கைக்கு அது பொறுப்பாகப் பதில் தயாரித்துக்கொண்டிருக்க, அதே ஆளின் புதிய கோரிக்கை வரிசையின் கடைசியில் நிற்கிறது.

இப்படிப்பட்ட வேளையில் பயனருக்குத் தெரிவதெல்லாம் 5-இல் தொடங்கும் ஓர் எண். 4-இல் தொடங்கினால் கேட்டவிதத்தில் கோளாறு, 5-இல் தொடங்கினால் எங்கள் பக்கம் கோளாறு என்பது பொது விதி. ஐந்நூறுகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்தால் பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும். 500 என்றால் கோரிக்கை ஆப் வரை போய்ச் சேர்ந்தது, அங்கே அது தடுக்கி விழுந்தது. 502 என்றால் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் ப்ராக்சி (எஞ்சின்-எக்ஸ் போன்றது) பின்னால் இருப்பவரைத் தொட்டது, சரியான பதில் கிடைக்கவில்லை. ஆப் செத்திருக்கலாம், அல்லது பாதியில் இணைப்பை அறுத்திருக்கலாம். 503 என்றால் இப்போதைக்கு முடியாது என்று யாரோ தெரிந்தே மறுத்திருக்கிறார்கள். எத்தனை வினாடி கழித்து வரலாம் என்று கூடவே ஒரு ஹெடரில் சொல்லும் நாகரிகமும் அதற்கு உண்டு. 504 என்றால் பின்னால் இருப்பவர் உயிரோடு இருக்கலாம், ப்ராக்சியின் பொறுமைதான் தீர்ந்தது.

ப்ராக்சியின் லாகில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காலை 10:42:07-க்கு வந்த கோரிக்கை, பாதை /அறிக்கை, பதில் 504, எடுத்த நேரம் 60.001 வினாடி. 60 என்ற முழு எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். இயற்கையான தாமதம் இவ்வளவு வட்டமாக இருக்காது. எஞ்சின்-எக்ஸ் பின்னால் இருக்கும் சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பான கெடு 60 வினாடி. இப்போது அதே கோரிக்கையை ஆப் சர்வரின் லாகில் தேடுங்கள்: பதில் 200, எடுத்த நேரம் 71 வினாடி. ஆப்பின் கணக்கில் வேலை வெற்றி, ப்ராக்சியின் கணக்கில் தோல்வி, இரண்டும் பொய் இல்லை. ஆப் எழுதும் குழு "எங்கள் லாகில் பிழையே இல்லை" என்றும், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் குழு "இங்கே 504 மழை" என்றும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் கூட்டங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பதினோரு வினாடிதான். பக்கத்திலேயே 499 என்று சில வரிகள் இருக்கலாம். அது எந்தத் தரநிலையிலும் இல்லாத, எஞ்சின்-எக்ஸ் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட எண். பதில் வருவதற்கு முன் கேட்டவரே இணைப்பை மூடிவிட்டார் என்று பொருள். அந்த எண்ணை யாருக்கும் அனுப்ப முடியாது, வாங்கத்தான் ஆள் இல்லையே.

அந்த லாக் வரியில் இன்னொரு கேள்வி தொங்கி நிற்கிறது. பயனர் 504-ஐப் பார்த்தார், வேலையோ முடிந்துவிட்டது. அது அறிக்கைக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் கோரிக்கையாக இருந்திருந்தால்? காத்திருப்பு முடிந்துபோனது என்பதால் வேலை நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கோரிக்கை போகும் வழியில் தொலைந்ததா, பதில் வரும் வழியில் தொலைந்ததா என்று கேட்டவரால் பிரித்தறியவே முடியாது. இரண்டும் ஒரே மௌனம். எச்டிடிபியின் வினைச்சொற்களுக்கு இவ்வளவு கறாரான விதிகள் இருப்பது இதனால்தான். கெட் வெறும் பார்வைக்கு. எத்தனை முறை கேட்டாலும் எதுவும் மாறக் கூடாது. புட், டெலீட் இரண்டும் மாற்றத்தைச் செய்யும், ஆனால் பத்து முறை செய்தாலும் ஒரு முறை செய்த விளைவுதான் இருக்க வேண்டும். படிவம், பணம் போன்றவற்றை அனுப்பும் போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் இணைப்பு அறுந்தால் கெட்-ஐ பிரவுசர் தானே மறுபடி அனுப்பும், போஸ்ட் செய்த பக்கத்தை நீங்கள் ரிஃப்ரெஷ் செய்தால் "மறுபடி அனுப்பட்டுமா?" என்று உங்களைக் கேட்கும். பணம் வாங்கும் சேவைகள் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பச் சொல்வதும், அதே எண் மறுபடி வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தருவதும் இந்த மௌனத்தைச் சமாளிக்கத்தான். "பணம் போகும்போது பட்டனை இருமுறை அழுத்தாதீர்கள்" என்று பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் பொறுப்பைப் பயனரின் தலையில் கட்டும் தளங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அது சர்வர் செய்ய வேண்டிய வேலை.

பதில் ஒழுங்காகத் தயாராகிவிட்டால் அதன் வடிவமும் கோரிக்கையின் வடிவம்தான்: எண்ணோடு ஒரு வரி, ஹெடர்கள், வெற்று வரி, அப்புறம் உள்ளடக்கம். மொத்தம் எத்தனை பைட் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஹெடரில் சொல்லிவிடும். தெரியாவிட்டால் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டின் அளவையும் முன்னால் போட்டு அனுப்பும். இதில் ஒரு சங்கடம் உண்டு. 200 என்று முதல் வரியை அனுப்பியாயிற்று, பாதி பக்கம் போன பிறகு டேட்டாபேஸ் விழுந்தது என்றால், சொன்ன 200-ஐத் திரும்ப வாங்க முடியாது. இணைப்பைப் பாதியில் அறுப்பது ஒன்றுதான் வழி.

சர்வருக்கு மிகவும் பிடித்த பதில் 304. முன்பு கொடுத்த பக்கத்துக்கு ஈடேக் என்ற ஒரு முத்திரையைச் சேர்த்து அனுப்பியிருக்கும். பிரவுசர் அடுத்த முறை "இந்த முத்திரை உள்ள பிரதி என்னிடம் இருக்கிறது, மாறிவிட்டதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் 304, உள்ளடக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒரு போக்குவரத்து வீண்தானே? அதையும் மிச்சம் பிடிக்க, "இன்னும் ஒரு வருடத்துக்கு என்னைக் கேட்கவே வேண்டாம்" என்று சொல்லும் கேஷ் ஹெடர்கள் இருக்கின்றன. ஃபைலின் பெயரிலேயே பதிப்பு அடையாளத்தைச் சேர்த்துவிட்டு இப்படிச் சொன்னால் பயமில்லை; மாறும்போது பெயரும் மாறிவிடும்.

இத்தனைக்கும் நடுவில் சர்வருக்கு உங்களைத் தெரியாது. பதில் போனதும் மறந்துவிடும். அடுத்த கோரிக்கை முன்பின் அறியாதவரிடமிருந்து வந்ததுதான். இதைக் குறை என்று நினைத்து 1994-இல் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பில் லூ மொன்டூலி குக்கீயைக் கொண்டுவந்தார். ஞாபகத்தை சர்வரிடம் வைக்காமல் பிரவுசரிடமே ஒரு சீட்டாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் கொண்டுவரச் சொல்வது. அந்த மறதி இருப்பதால்தான் இன்று பத்து சர்வர்களை வரிசையாக வைத்து, எந்தக் கோரிக்கையையும் எதற்கு வேண்டுமானாலும் அனுப்ப முடிகிறது.

2015-இல் வந்த எச்டிடிபி 2 ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை ஒன்றோடொன்று பின்னி அனுப்பியது. அதுவரை பிரவுசர்கள் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகள் வரை திறந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தன. ஆனால் கீழே இருந்த டிசிபி ஒரு பேக்கெட் தொலைந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். ஒரு படத்தின் துண்டு தொலைந்ததற்காக, அதோடு சம்பந்தமில்லாத ஸ்கிரிப்ட்டும் காத்திருக்க வேண்டும். 2022-இல் தரநிலையான எச்டிடிபி 3 டிசிபியையே கைவிட்டு, இப்படி நிறுத்திவைக்காத யுடிபியின் மேல் கட்டிய க்விக் என்ற ஏற்பாட்டுக்குப் போனது இந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான். இணைப்பும் டிஎல்எஸ் பேச்சும் அதில் ஒரே போக்குவரத்தில் முடிகின்றன. முதலில் போட்ட கணக்கில் 300 என்பது 200 ஆகிறது.

பதில் போன பிறகும் இணைப்பு உடனே மூடப்படுவதில்லை. அதே ஆள் இன்னொன்று கேட்கலாம் என்று கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருப்பார்கள். அப்பாச்சியில் இயல்பாக 5 வினாடி, எஞ்சின்-எக்ஸில் 75. எப்போதாவது ஒன்று என்று வரும், லாகில் காரணமே தெரியாத 502-களில் நிறைய இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. ஆப் சர்வர் 5 வினாடி சும்மா இருந்த இணைப்பை மூடுகிறது, முன்னால் நின்று கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரோ அதை 60 வினாடி வைத்திருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வினாடியில் ஆப் மூடும் செய்தியை அனுப்பும் அதே கணத்தில், லோட் பேலன்சர் அதே இணைப்பில் ஒரு புதிய கோரிக்கையை ஏற்றி அனுப்பிவிடுகிறது. இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடக்கின்றன. கோரிக்கை மூடிய கதவில் மோதுகிறது, பயனருக்கு 502 போகிறது. ஆப்பின் லாகில் அப்படி ஒரு கோரிக்கை வந்த தடயமே இருக்காது. இதற்கு மருந்து கோடில் இல்லை. ஆப் சர்வரின் கெடுவை லோட் பேலன்சரின் கெடுவைவிடக் கூட்டி, 65 வினாடி என்று வைத்தால் போதும். அப்போது இணைப்பை மூடுவது எப்போதும் லோட் பேலன்சராகவே இருக்கும். தானே மூடிய இணைப்பில் அது கோரிக்கை அனுப்பாது.